முந்திரிக்கொட்டை நிறுத்தும் கார்

கீ...ச்ச்ச்!

அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் பிரேக்கை மிதித்தால் போதும், சிலேட்டில் ஆணியால் கீறின மாதிரி என் காரிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். பக்கத்து ஷேர் ஆட்டோவில் இருக்கும் பாட்டி முகத்தைச் சுளிப்பார். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேறு யாருடைய வண்டியோ கத்துவதுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பேன். இந்த நாடகம் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் சித்தப்பா வண்டியில் ஏறினார்.

சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவர். இரும்பு எந்த ராகத்தில் அழுதாலும் அவருக்குப் புரியும்.

"ஏம்மா, இது எத்தனை நாளா கத்துது?"

"கொஞ்ச நாளா சித்தப்பா. தூசி ஏதாவது போயிருக்கும்..."

"தூசியாவது, மண்ணாவது! பேட் தீர்ந்துபோச்சுன்னு அது உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லுது. நீ பாட்டு வால்யூமை ஏத்திட்டுப் போறே."

அப்புறம் அவர் சொன்னதில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தச் சத்தம் கோளாறே இல்லையாம். வேண்டுமென்றே வைத்ததாம்! பிரேக் பேடின் ஓரத்தில் ஒரு சின்னத் தகட்டு நாக்கு இருக்கும். பேட் கனமாக இருக்கிறவரை அந்த நாக்கு டிஸ்க்கைத் தொடாது. தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்த ஆரம்பிக்கும். மனிதர்களுக்கு எவ்வளவு எரிச்சல் மூட்டினால் காரியம் நடக்கும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்! எல்லா பேடிலும் இந்த நாக்கு இருப்பதில்லை. என் வண்டியில் இருந்தது. பத்து நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது, பாவம்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். நாமளே மாத்திடலாம்" என்றார் சித்தப்பா.

சின்ன வயதில் செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் கூத்து நடக்கும்போது நான் முன்னால் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. திரைக்குப் பின்னால் ஓடிவிடுவேன். அங்கே துரியோதனன் புஜத்துக் கட்டைகளை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டு டம்ளரில் டீ ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சிக்கு ஈடாக எந்த மேடைக் காட்சியும் எனக்குப் பட்டதில்லை. இப்போது ஓடுகிற காரின் ஒப்பனைக் கொட்டகைக்குள் நுழைய ஒருவர் அழைக்கிறார்! ஞாயிறு வரை காத்திருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

"பிரேக்ல கை வைக்கிறது விளையாட்டு இல்லையே சித்தப்பா?" என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

"இல்லைதான். அதனாலதான் நிதானமா செய்யப் போறோம். அவசரக்காரங்களுக்கு இதுல வேலை இல்லை."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் பழைய சாக்கு ஒன்றை விரித்துக் கடை பரப்பினார். வீல் ஸ்பேனர், ஜாக்கி, இரும்பு ஸ்டாண்ட் இரண்டு, ரிங் ஸ்பேனர் செட், சி கிளாம்ப், கட்டுக்கம்பி, கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, விரல் நீளப் பாக்கெட்டில் கிரீஸ், முகக்கவசம். அப்புறம் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுகள்தான் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களின் கைத்துணி. எனக்கு வந்த துண்டில் பாதிச் சிங்கமும் 'CALI' என்று ஏதோ ஊர்ப் பெயரின் பாதியும் அச்சாகியிருந்தன. துடைக்க மனமே வரவில்லை.

முதல் வேலை முட்டுக்கட்டை. கைபிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளைச் சொருகினார். "தேர் தெரியுமில்ல? அதேதான்" என்றார். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தடியிலேயே ஓடுவார்கள். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரைவிட அந்த நாலைந்து பேர் கையில்தான் தேர் இருக்கும். கட்டையைச் சொருகித்தான் நிறுத்துவார்கள், திருப்புவார்கள். 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையுமான திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. ஆக, தியாகராஜரின் வண்டியிலும் என் வண்டியிலும் ஒரே தத்துவம்! இதைச் சொன்னதும் சித்தப்பா, "ஆனா அவருக்கு இஎம்ஐ கிடையாது" என்றார்.

நான் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். நாலு சுற்று ஏற்றியும் விட்டேன்.

"முந்திரிக்கொட்டை! இறக்கு, இறக்கு!"

நட்டைத் தளர்த்தாமல் வண்டியைத் தூக்கிவிட்டால் ஸ்பேனர் போட்டுத் திருகும்போது சக்கரமும் கூடவே சுற்றும். தரையில் நிற்கும்போதே நான்கு நட்டுகளையும் அரைச் சுற்று லூஸ் செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் ஜாக்கி. நட்டோ நகர மறுத்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்றேன். 'டக்' என்று ஒன்று விட்டுக்கொடுத்தது. அந்த 'டக்'கில் இருக்கிற சந்தோஷத்தை நான் எப்படி எழுதிக் காட்டுவேன்!

வண்டி ஏறியதும் ஸ்டாண்டை அதன் இடத்தில் வைத்து வண்டியை அதன்மேல் இறக்கினார். கழற்றிய சக்கரத்தையும் சும்மா விடவில்லை, வண்டிக்கடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்ட் சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை காலை நீட்டுகிறவர்களைப் பற்றிச் சித்தப்பா சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது.

திரை விலகியது. அதாவது, சக்கரம் விலகியது.

பளபளவென்று ஒரு எவர்சில்வர் தட்டு. அதுதான் டிஸ்க். அதன் ஒரு பக்கத்தைக் கவ்விக்கொண்டு, நண்டுக் கொடுக்கு மாதிரி அழுக்கேறிய ஒரு இரும்பு. அதுதான் காலிப்பர். அவ்வளவுதானா? அவ்வளவேதான்! நெடுஞ்சாலையில் பசு குறுக்கே வந்தபோது என்னைக் காப்பாற்றியது இந்த நண்டு. சைக்கிள் சக்கர ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை பிடிக்கிறதே, அதே பிடிதான். ரிம்முக்குப் பதில் தட்டு, ரப்பருக்குப் பதில் பேட்.

தூசியை ஊதப் போனேன். சித்தப்பா கையால் என் வாயைப் பொத்தினார். பிரேக் தூசியை ஊதவே கூடாது. முகக்கவசம் போட்டு, ஸ்பிரேயால் நனைத்துத் துடைக்க வேண்டும். பழைய காலத்துப் பேடுகளில் கல்நார் இருந்தது. அதன் இழை நுரையீரலில் போய் உட்கார்ந்தால் பிற்காலத்தில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். இப்போது கல்நார் இல்லாத பேட் என்று அட்டையில் அச்சிட்டே விற்கிறார்கள், இருந்தாலும் இரும்புத் தூளை மூச்சில் இழுப்பானேன்?

கீழ்ப் பக்கத்து போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கினால் உள்ளே இரண்டு பேட், புத்தகத்துக்கு நடுவில் மறைத்து வைத்த கடிதம் மாதிரி. காலிப்பரை அதன் ரப்பர் ஹோஸில் தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டினார். அந்த ஹோஸுக்குள்தான் பிரேக்கின் உயிர் ஓடுகிறது. எடை தாங்கி அது உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது.

பழைய பேடைக் கையில் வாங்கினேன். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருந்த கறுப்புப் பொருள் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. புதிதில் பத்து மில்லிமீட்டர் போல இருக்கும். இரண்டு மாரி பிஸ்கட்டை அடுக்கின தடிமனில் இருந்தது அப்பளமாகத் தேய்ந்திருந்தது. இன்னும் ஓட்டியிருந்தால் இரும்பும் இரும்பும் உரசி டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கும், செலவு இரண்டு மூன்று மடங்காகியிருக்கும்.

புதுப் பேட் டப்பாவைப் பிரித்தோம். பழையதன் மேல் வைத்துப் பார்த்தோம்.

பொருந்தவில்லை.

நான் முந்தின நாள் கடையில் காரின் பெயரைச் சொன்னேன், அவர் டப்பாவை நீட்டினார், நான் வாங்கி வந்தேன். வருடத்தையும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் பேடின் 'காது' மாறும் என்று யார் கண்டது? மணி பதினொன்று நாற்பது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கடையை அடைத்துவிடுவார்கள். சித்தப்பா பழைய பேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். "எதையும் தொடாதே. முக்கியமா பிரேக் பெடலை மிதிக்காதே. பிஸ்டன் வெளியே வந்து விழுந்துடும்!"

காவலுக்கு நான். ஒரு கால் இல்லாமல் என் கார். ஐந்து நிமிடத்தில் அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள்.

"ஆன்ட்டி, இது காரோட பல்லா?" என்றாள் பி பிளாக் சிறுமி. இரண்டாம் வகுப்பு.

பல்லேதான்! ஒரு பேட் என்னிடம் மிச்சமிருந்தது. எல்லோர் கையிலும் சுற்றுக்கு விட்டேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்ட ஒரு கூட்டம் கிடைத்துவிட்டதே!

கார் ஓடும்போது அதற்குள் இருக்கிற வேகம் பிரேக் போட்டால் எங்கே போகும்? எங்கும் போகாது, சூடாக மாறும். ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 2.47 லட்சம் ஜூல் சூடு பிறக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 90 டிகிரிக்கு ஏற்றுகிற சூடு. ஒரு தடவை பிரேக் போட்டால் வீட்டுக்கே காபிக்கு வெந்நீர்! அதில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது, பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைக் குத்துகிறதல்லவா, எடையெல்லாம் முன்னால் வந்துவிடும். அதனால்தான் முன் பேடுகள் முதலில் தேய்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. இந்தக் கடைசி வரியைப் பிள்ளைகளை விட, லிஃப்ட் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பாதான் கவனமாகக் கேட்டார். வேளச்சேரிக்குத் தினமும் பறக்கிறவர்.

அடுத்து பெர்த்தா கதை. 1888 ஆகஸ்ட். ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊர். கார்ல் பென்ஸ் கார் செய்து வைத்திருக்கிறார், வாங்கத்தான் ஆளில்லை. அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் ஒரு நாள் காலையில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸைமில் அம்மா வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்! ("சொல்லாமயா?" என்று ஒரே நேரத்தில் மூன்று பேர்.) வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. என்ன செய்தார் தெரியுமா? செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். காருக்குப் பிரேக் லைனிங் வந்த கதை இதுதான். அதைச் செய்து வைத்தது அம்மா வீட்டுக்குப் போன ஒரு பெண். நடுவழியில்.

இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பேட் செம்பில். இரும்புத் தட்டில் செம்பு உரசினால் எப்படிக் கத்தும்? என் கார் மாதிரியே கத்தியது. அந்தக் கீச்சை அடக்கத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னொரு இங்கிலாந்துக்காரர் கல்நாரைக் கொண்டுவந்தார். சத்தம் போனது, வியாதி வந்தது. அந்தத் தலைவலி தீர வெகுகாலம் பிடித்தது.

"இப்ப இது எதுல செஞ்சது?" என்று பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஒரு பையன்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! பிசின், உலோக இழை, கிராஃபைட், ரப்பர் என்று பத்துப் பதினைந்து சரக்கு சேர்ந்த கலவை அது, அச்சில் போட்டுச் சூட்டோடு தகட்டின் மேல் அழுத்தி எடுப்பார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது சாம்பார்ப் பொடி மாதிரி, வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு சரக்கை மட்டும் உலகமே அறியும்: முந்திரி! முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் வருமே, பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிறவர்கள் கையைப் பொத்துப்போகச் செய்கிற அந்த எண்ணெய்தான். அதைக் கெட்டிப்படுத்தித் தூளாக்கி பிரேக் பேட் கலவையில் சேர்ப்பது உலகம் முழுக்க வழக்கம். சூட்டைத் தாங்கும், பிடிப்பை ஒரே சீராக வைக்கும், சத்தத்தையும் குறைக்கும்.

எங்கே போனாலும் முந்திக்கொண்டு நிற்பவனை முந்திரிக்கொட்டை என்று திட்டுகிறோம். அந்த முந்திரிக்கொட்டையைக் கொண்டுதான் வண்டியை நிறுத்துகிறார்கள்! தமிழில் இதைவிட நல்ல நகைச்சுவை எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளில் ஒருவன் மட்டும் பேடை மோந்து பார்த்துவிட்டு, "முந்திரி வாசனை இல்லையே" என்றான்.

இதில் இன்னொரு கூத்து. இந்தப் பேடுகள் எங்கிருந்தோ கப்பலில் வந்தவை என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா. அதே பாடியில் 1974-இலிருந்து சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே ராணே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை. நாட்டின் பிரேக்குகள் பிறக்கிற தெருவில் குடியிருந்துகொண்டு, பத்து நாள் கீச்சென்று ஊர்வலம் போயிருக்கிறேன்!

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஸ்கூட்டர் திரும்பியது. சித்தப்பா முகத்தில் வெற்றி. "ஷட்டர் பாதி இறங்கிடுச்சு. குனிஞ்சு உள்ளே போயிட்டேன்."

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த காட்சி. காலிப்பருக்குள் டம்ளர் மாதிரி ஒரு பிஸ்டன் இருக்கிறது. பேட் தேயத் தேய அது வெளியே வந்துவிட்டிருக்கும். புதுப் பேட் கனமானது, ஆகவே பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன் முகத்தில் வைத்து, சி கிளாம்ப்பால் மெள்ள மெள்ளத் திருகினார். பிஸ்டன் சத்தமில்லாமல் உள்ளே போனது, பூனை கூடைக்குள் போகிற மாதிரி.

"இப்ப ஒரு கேள்வி" என்றார். "பெடலை மிதிச்சா எண்ணெய் தள்ளி பிஸ்டன் வெளியே வருது. காலை எடுத்தா அது எப்படிப் பின்னாடி போகுது?"

"ஸ்பிரிங் இருக்கும்" என்றேன்.

"இல்லை."

பையன்கள் காந்தம் என்றார்கள். இல்லை. எண்ணெய் இழுக்கும் என்றார் வேளச்சேரி அப்பா. அதுவும் பெரிதாக இல்லை.

சித்தப்பா தன் முன்கையில் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். வழுக்காமல், தோலோடு சேர்த்து விரலை லேசாக முன்னால் தள்ளினார். தோலும் கூடவே நகர்ந்தது. விரலைத் தளர்த்தினார். தோல் பழைய இடத்துக்குத் திரும்பியது, விரலையும் கூட்டிக்கொண்டு. "அவ்வளவுதான்!"

பிஸ்டனைச் சுற்றிக் காலிப்பருக்குள் ஒரே ஒரு ரப்பர் வளையம். வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். அது பிஸ்டனை உடும்பாகப் பிடித்திருக்கிறது. எண்ணெய் ஒழுகாமல் காப்பதும் அதுவே. பிஸ்டன் ஒரு மயிரிழை முன்னே போகும்போது வளையம் விடாமல் வளைந்து கூடப் போகிறது. பெடலை விட்டதும் நிமிர்கிறது, நிமிரும்போது பிஸ்டனையும் இழுத்து வருகிறது. டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே மெல்லிய மூச்சு இடைவெளி கிடைக்கிறது. அதைவிடப் பெரிய தந்திரம் ஒன்றும் இருக்கிறது. பேட் தேய்ந்து இடைவெளி கூடினால், பிஸ்டன் வளையத்துக்குள் கொஞ்சம் வழுக்கி முன்னே போகும். வளையம் புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். யாரும் திருக வேண்டியதில்லை, சரிசெய்ய வேண்டியதில்லை. பத்து மில்லிமீட்டர் இரண்டாகத் தேய்ந்தும் என் பெடல் ஒரே உயரத்தில் இருந்ததன் ரகசியம் இந்த வளையம்!

கார் நிறுத்துமிடம் முழுக்க ஆளாளுக்குத் தங்கள் கையில் கட்டைவிரலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் உட்பட.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கச் சொன்னார். பிஸ்டன் உள்ளே போன அளவுக்கு அங்கே மட்டம் ஏறியிருந்தது. பேட் தேயும்போது இந்த மட்டம் இறங்கும். விவரம் தெரியாமல் நடுவில் யாராவது நிறைய ஊற்றி வைத்திருந்தால் இப்போது பொங்கி வழியும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். என் வண்டியில் இரண்டு சொட்டு வழிந்தது. சித்தப்பா ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

ஊரெல்லாம் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை. உண்மையான எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் வளையம் உப்பிப்போகும். இது கிளைகால் வகைத் திரவம், காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 என்ற வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதே திரவத்துக்கு 140 டிகிரி தாங்கினாலே போதும் என்றுதான் விதி. ஏற்காடு இறக்கத்தில் அது கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவியை அமுக்கிப் பார்க்கலாம், அது பேடைத் தள்ளாது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஏற்காட்டில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வதும் அதனால்தான்.

புதுப் பேடைப் பூட்டுவது சட்டென்று முடிந்தது. கிளிப்புகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காலிப்பர் நகரும் பின்களுக்கு அந்தப் பாக்கெட் கிரீஸைத் தடவி (சாதா கிரீஸ் ஆகாது, ரப்பருக்கு எமன்), பேடுகளைச் சொருகி, காலிப்பரை இறக்கிப் போல்ட்டை முறுக்கினார். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் பட்ட விரல் படக் கூடாது. என் பாதிச் சிங்கம் அங்கே உதவியது.

"அந்தப் பக்கம் நீ பண்ணு."

ஒரு பக்கத்தை முழுசாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். குழப்பம் வந்தால் எழுந்துபோய் மறுபக்கத்தைக் காப்பியடிக்கலாம் என்பது ஒன்று. இரண்டு பக்கமும் திறந்து கிடந்தால் இந்தப் பிஸ்டனை அமுக்கும்போது அந்தப் பிஸ்டன் வெளியே துருத்தும் என்பது இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தவும் கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நான் செய்தேன். ஒரு கிளிப்பைத் தலைகீழாக மாட்டி, பேட் உள்ளே போகாமல் முழித்து, எழுந்துபோய்க் காப்பியடித்து, திரும்ப மாட்டி, நாற்பது நிமிடத்தில் முடித்தேன். சித்தப்பா ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. சக்கர நட்டுகளை மட்டும் எதிரெதிராக முறுக்குகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார், வண்டி தரைக்கு இறங்கிய பிறகு கடைசி இறுக்கத்தையும்.

சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, உள்ளே ஏறி, என்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தேன்.

பெடல் நேராகத் தரைக்குப் போய் மிதியடியில் 'தொப்' என்று உட்கார்ந்தது.

வயிற்றுக்குள் ஏதோ கரைந்தது. பிரேக் இல்லை! நாங்கள் பிரேக்கையே கழற்றி வீசிவிட்டோம்! ஜன்னல் வழியாகச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் பனியன் வேஸ்ட்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"மிதி. திரும்ப மிதி. மிதிச்சுக்கிட்டே இரு."

இரண்டாவது மிதியில் பாதி வரை போனது. மூன்றாவதில் இன்னும் மேலே. நாலாவது, ஐந்தாவது... கல் மாதிரி நின்றது. உள்ளே தள்ளி வைத்த பிஸ்டன்கள் புதுப் பேடைத் தேடி நடந்து வந்து சேர அந்த மிதிகள் வேண்டும். இதை மறந்துவிட்டு வண்டியை நகர்த்தி, எதிர்ச் சுவரில் போய் நின்றவர்கள் உண்டு என்றார். யார் என்று கேட்டேன். பதில் வரவில்லை. சித்தி மாடியிலிருந்து, "1998-ல, நம்ம காம்பவுண்ட் சுவரு" என்று குரல் கொடுத்தார்.

டப்பாவில் திரவ மட்டத்தை இன்னொரு முறை பார்த்து மூடிவிட்டு, மாலை ஐந்தரைக்கு எஸ்டேட்டுக்குள் போனோம். ஞாயிறு மாலையில் அந்தத் தெருக்களில் நாய்களும் நாங்களும்தான். புதுப் பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். ஐம்பது வரை போய், நிதானமாக அழுத்திப் பத்துக்குக் குறைக்க வேண்டும், முழுதாக நிற்கக் கூடாது. திரும்பவும் ஐம்பது, திரும்பவும் பத்து. எட்டுப் பத்து முறை. பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. ஆறாவது முறை லேசாகக் கருகல் வாசனை வந்தது. நான் மூக்கை நீட்டி இழுத்தேன்.

"முந்திரி வாசனை வருதா?" என்றார் சித்தப்பா.

வரவில்லை. வந்ததாகச் சொல்லிவிட்டேன்.

அலாய் வீல் இருக்கிற வண்டியில் சக்கரத்தைக் கழற்றாமலேயே, கம்பிகளின் இடுக்கு வழியாக செல்போன் டார்ச்சை அடித்தால் வெளிப்பக்கத்துப் பேடின் கனம் தெரியும். புறப்படும்போது அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது தப்பாகப் போயிற்று. மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது கார் நிறுத்துமிடத்தில் பி பிளாக் சிறுமி ஸ்கூல் பையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், கையில் அவள் அம்மாவின் போன்.

"ஆன்ட்டி, சி பிளாக் செகரட்டரி அங்கிள் வண்டில ரெண்டு மில்லிதான் இருக்கு. நான் போய்ச் சொல்லட்டுமா?"